திங்க்பேட் டி480: சிம் மோடத்துக்குரிய சிறிய ஸ்லொட்டில் எந்த எஸ்.எஸ்.டி. வேலை செய்யும்?

களுவாஞ்சிக்குடி ஆசிரியர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளான படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் நடைபெறும் கூத்து அரங்கேற்றங்களை விடுமுறை நாட்களில் ஒளிப்பதிவு செய்து சேர்த்து வருகிறேன். எனது கமெரா மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 12 கிகாபைட் எழுதுகிறது. இரவு தொடங்கி விடியும்வரை ஆடப்படும் ஒரு வடமோடிக் கூத்தை முழுமையாக எடுத்தால், அது ஒன்றே 100 கிகாபைட்டை எட்டிவிடுகிறது. நான் பாவிப்பது பழையதாக வாங்கிய லெனோவோ திங்க்பேட் டி480 மடிக்கணினி. அதில் இருப்பது 256 கிகாபைட் எஸ்.எஸ்.டி. (சில்லுகளில் தரவைச் சேமிக்கும் சாதனம்) மட்டுமே என்பதால், ஒரு கூத்துக் களரியைப் பதிவு செய்துவிட்டு வந்தால் முந்தியதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற கவலை ஒவ்வொரு முறையும் வருகிறது.

அடி மூடியைத் திறந்து பார்த்தபோது, சிம் அட்டை மோடம் பூட்டுவதற்கான சிறிய எம்.2 ஸ்லொட் (மெல்லிய அட்டைகளைச் செருகும் இடம்) வெறுமையாக இருப்பதைக் கண்டேன். அதன் நீளத்தை அளந்து, 2242 அளவு என்று உறுதிசெய்துகொண்டு, நகரிலுள்ள ஒரு கடையில் அதே அளவுள்ள எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கினேன். அதன் தொடுமுனைகளில் ஒரு வெட்டு மட்டுமே இருந்ததால் அது ஸ்லொட்டுக்குள் நுழையவே இல்லை. கடையில் மாற்றித் தந்த இரண்டாவதில் இரண்டு வெட்டுகள் இருந்தன. அது சிரமமின்றி உள்ளே போய் உட்கார்ந்தது. ஆனால் கணினி அதை அறியவே இல்லை. பயொஸிலும் (கணினி தொடங்கும்போது வரும் அடிப்படை அமைப்புத் திரை) இல்லை, விண்டோஸிலும் இல்லை. எஸ்.எஸ்.டி. பழுதில்லை என்று கடைக்காரர் வேறொரு கணினியில் போட்டுக் காட்டிவிட்டார். எனது ஸ்லொட் பழுதாகிவிட்டதா, அல்லது நான் இன்னும் பிழையான பொருளைத்தான் கையில் வைத்திருக்கிறேனா என்று அறிந்தவர்கள் சொல்லித்தர வேண்டும்.

கல்முனைத் திருத்துநர் எழுதியது:

வணக்கம் சேர். ஸ்லொட் பழுதில்லை என்றே நினைக்கிறேன். உங்களுடைய இரண்டாவது எஸ்.எஸ்.டி.யின் லேபலில் "சாட்டா" (பழைய வகைத் தரவு இணைப்பு) என்றோ, விநாடிக்கு 6 கிகாபிட் என்றோ எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் காரணம் அதுதான். டி480 கணினியின் அந்தச் சிறிய ஸ்லொட் பிசிஐஇ என்ற வேகமான இணைப்பு வழியில் இயங்கும் என்விஎம்இ வகையை மட்டுமே ஏற்கும். சாட்டா வகைக்கான இணைப்பு அங்கே இல்லை. ஆகவே பொருள் உட்காரும், திருகாணியும் பூட்டலாம், மின்சாரமும் போகும். ஆனால் கணினிக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை நடக்காது.

இந்த இடத்தில் பலரும் தடுமாறுவதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. இதே திங்க்பேட் வரிசையில் சில ஆண்டுகள் முந்திய டி440, எக்ஸ்240 கணினிகளிலும் இதே இடத்தில், இதே நீளத்தில், இதே வெட்டுடன் ஒரு ஸ்லொட் இருக்கிறது. அதில் வேலை செய்வது சாட்டா வகை. அதற்கும் முந்திய டி430 காலத்தில் அங்கே எம்.2 ஸ்லொட்டே இல்லை; எம்சாட்டா என்ற வேறு வடிவம் இருந்தது. டி440 பற்றி யாரோ எழுதிய ஆலோசனையைப் படித்துவிட்டு டி480 கணினிக்கு வாங்கினால் உங்களுக்கு நடந்ததுதான் நடக்கும். என் மேசைக்கு வரும் கணினிகளில், மாதிரி இலக்கத்தை முழுவதும் வாசிக்காமல் நான் பொருள் எடுத்துக் கொடுப்பதில்லை.

மூடியைத் திறக்கும் முன்னர் ஒன்றைக் கவனியுங்கள் சேர். டி480 கணினியில் வெளியே கழற்றக்கூடிய பற்றரி ஒன்றும் உள்ளே நிலையான பற்றரி ஒன்றுமாக இரண்டு உள்ளன. வெளிப் பற்றரியைக் கழற்றினாலும் தாய்ப்பலகையில் மின்சாரம் நின்றுகொண்டிருக்கும். பயொஸில் மின்சக்திப் பகுதிக்குள் சென்று உள்பற்றரியை முடக்கிய பின்னரே ஸ்லொட்டில் கை வையுங்கள்.

ஒலுவில் மாணவி எழுதியது:

சேருக்கு வணக்கம். மேலே சொல்லப்பட்டது சரியானது. அந்த வெட்டுகள் எதைச் சொல்கின்றன என்பதையும் அறிந்துகொண்டால், அடுத்த முறை கடையில் நின்றபடியே நீங்களே தீர்மானிக்கலாம் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

2242 என்ற இலக்கம் 22 மில்லிமீற்றர் அகலத்தையும் 42 மில்லிமீற்றர் நீளத்தையும் மட்டுமே குறிக்கிறது. 2280 என்றால் நீளம் 80 மில்லிமீற்றர். உள்ளே என்ன வகை என்பதைப் பற்றி அந்த இலக்கம் எதுவும் சொல்வதில்லை. வெட்டு என்பது இரண்டாவது செய்தி. எம்.2 விளிம்பில் 75 தொடுமுனை இடங்கள் இருக்கின்றன. 12 முதல் 19 வரையான இடங்களை வெட்டி எடுத்திருந்தால் அது பி வெட்டு. 59 முதல் 66 வரை எடுத்திருந்தால் அது எம் வெட்டு. கண்ணால் பார்ப்பதற்கு இலகுவான வழி, வெட்டுக்கு வெளியே தனித்து நிற்கும் சிறிய துண்டில் ஒரு பக்கத்துத் தொடுமுனைகளை எண்ணுவது: பி வெட்டில் ஆறு, எம் வெட்டில் ஐந்து. உங்கள் சிம் மோடம் ஸ்லொட் பி வகையைச் சேர்ந்தது. நீங்கள் முதலில் வாங்கியது எம் வெட்டு மட்டும் உள்ளது. அதனால்தான் அது நுழையவில்லை. அதை அழுத்தி நுழைக்க முயலாமல் விட்டது நல்லது.

மூன்றாவது செய்திதான் உங்களை ஏமாற்றியது. இரண்டு வெட்டுகளும் உள்ள எஸ்.எஸ்.டி.களில் மிகப் பல சாட்டா வகை. என்விஎம்இ வகையும் உண்டு, ஆனால் குறைவு. இரண்டும் வெளித் தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே வெட்டைப் பார்த்து வகையைத் தீர்மானிக்க முடியாது. லேபலை வாசித்தே ஆக வேண்டும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். பி வெட்டு விழும் இடத்திலேதான் பிசிஐஇயில் தரவு ஓடும் நான்கு பாதைகளில் கடைசி இரண்டுக்கான தொடுமுனைகள் இருந்திருக்க வேண்டும். அவை வெட்டுப்பட்டுப் போவதால், இரு வெட்டு எஸ்.எஸ்.டி. எதுவும் நான்கு பாதைகளில் ஓட முடியாது. இரண்டு பாதைகளில்தான் ஓடும். மூன்றாம் தலைமுறை பிசிஐஇயில் ஒரு பாதை விநாடிக்கு ஏறத்தாழ 985 மெகாபைட்டைக் கொண்டுபோகும். இரண்டு பாதைகள் சேர்ந்தாலும் 2000 மெகாபைட்டைத் தொடாது. சாட்டா எஸ்.எஸ்.டி.யின் நடைமுறை எல்லை 550 மெகாபைட் அளவு என்பதால், உங்கள் வேலைக்கு இது தாராளம். ஒளிப்பதிவுக் கோப்பைக் கமெரா அட்டையிலிருந்து இறக்கும்போது தாமதிப்பது அட்டைதான், எஸ்.எஸ்.டி. அல்ல. அதிக வேகம் என்று விளம்பரப்படுத்தப்படும் பொருளுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

2242 நீளம், இரு வெட்டு, என்விஎம்இ ஆகிய மூன்றும் ஒன்றாகப் பொருந்துபவற்றில் வெஸ்டர்ன் டிஜிட்டல் எஸ்என்520, டொஷிபா ஆர்சி100 ஆகிய இரண்டையும் உறுதியாகச் சொல்லலாம். எஸ்என்520 மூன்று நீளங்களில் வெளிவந்தது என்பதால் பெயரை மட்டும் சொல்லி வாங்கக் கூடாது. 2242 என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அதன் உச்சக் கொள்ளளவு 512 கிகாபைட். ஆர்சி100 வகையின் உச்சம் 480. இவை பெரும்பாலும் கழற்றிய பொருட்களாகவே இப்போது விற்கப்படுவதால், விற்பவரிடம் நலநிலைச் சதவீதத்தையும் ஓடிய மணித்தியாலங்களையும் காட்டும் ஸ்கிரீன்ஷொட் ஒன்றைப் பணம் கொடுக்கும் முன்னர் கேட்டுப் பெறுங்கள்.

அக்கரைப்பற்று வாசகர் எழுதியது:

தங்கச்சி எழுதிய விளக்கத்தில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் சேரின் தேவையை வைத்துப் பார்த்தால், அந்தச் சிறிய ஸ்லொட்டின் பின்னால் போவது சரியான வழியாக எனக்குத் தெரியவில்லை. உச்சம் 512 கிகாபைட் என்றால் ஐந்து கூத்துகள். அடுத்த வைகாசிச் சடங்குக் காலத்துக்குள் மீண்டும் இதே கேள்வியோடு நிற்பீர்கள்.

டி480 கணினியில் 2.5 அங்குல வன்தட்டுக்கான இடத்தில், ஒரு உலோகத் தாங்கிக்குள் 2280 நீள என்விஎம்இ எஸ்.எஸ்.டி. பூட்டப்பட்டிருப்பது வழமை. உங்களுடைய 256 கிகாபைட் அங்கேதான் இருக்க வேண்டும். அதைக் கழற்றிவிட்டு 2 டெராபைட் போடுங்கள். அந்த நீளத்தில், எம் வெட்டு உள்ள என்விஎம்இ எந்தக் கடையிலும் கிடைக்கும். பெட்டி உடைக்காத புதிய பொருளாக, உத்தரவாதத்துடன் வாங்கலாம். நான்காம் தலைமுறைப் பொருள் என்றாலும் அது இந்தக் கணினியில் மூன்றாம் தலைமுறை வேகத்தில், இரண்டு பாதைகளில் இயங்கும். கொழும்புக்குப் போய்வரும் எவரிடமும் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கிவரச் சொல்லலாம். அங்கே நூறு விளக்கம் சொல்லவேண்டிய பொருளும் அல்ல அது.

களுவாஞ்சிக்குடி ஆசிரியர் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. லேபலைப் பார்த்தேன், சாட்டா என்றே எழுதியிருக்கிறது. தாங்கிக்குள் இருப்பதும் அக்கரைப்பற்று நண்பர் சொன்னபடியே 2280. அதை மாற்றும் வழியே எனக்கு ஏற்றதாகத் தெரிகிறது. இரண்டு ஐயங்கள் மீதமுள்ளன. இப்போதுள்ள விண்டோஸை அப்படியே புதியதற்குக் கொண்டுபோக முடியுமா? பழைய பதிவுகளை எஸ்.எஸ்.டி.யில் எழுதி அலமாரியில் வைத்துவிட்டால், எங்கள் வெயிலிலும் வாவிக்கரை ஈரப்பதத்திலும் அவை எத்தனை காலம் நிலைக்கும்?

ஒலுவில் மாணவி எழுதியது:

முதலாவதற்கு, புதிய எஸ்.எஸ்.டி.யை என்விஎம்இ வகைக்குரிய யூ.எஸ்.பி. பெட்டியொன்றில் இட்டு, பழையதை அதற்கு முழுமையாகப் பிரதி செய்யலாம். யூ.எஸ்.பி. பெட்டிகளிலும் சாட்டாவுக்கானவை வேறு, என்விஎம்இக்கானவை வேறு. அங்கேயும் இதே தவறு நேரக்கூடும். தொடங்கும் முன்னர் பிட்லொக்கர் (விண்டோஸின் மறைகுறியாக்கப் பூட்டு) இயங்குகிறதா என்று பார்த்து, மீட்புத் திறவுகோலைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் பழைய 256 கிகாபைட்டை அதே பெட்டியில் வைத்துப் பயணத்தில் பாவிக்கலாம்.

இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எஸ்.எஸ்.டி.யில் தரவு மின்னேற்றமாகவே தங்கியிருக்கிறது. மின்சாரமின்றிக் கிடக்கும்போது அது மெல்ல மெல்லக் கசியும், வெப்பம் கூடினால் கசிவும் கூடும். எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்த ஒரு சாதாரணப் பாவனை எஸ்.எஸ்.டி., மின்சாரமின்றி 30 பாகை செல்சியஸில் ஓராண்டு தரவைக் காக்க வேண்டும் என்பதே ஜெடெக் என்ற குறைகடத்தித் தர அமைப்பின் நியமம். புதிய எஸ்.எஸ்.டி. அதைவிட நெடுங்காலம் தாங்கும். ஆயினும் எங்கள் வீடுகளின் அலமாரிகள் பல மாதங்கள் 30 பாகைக்கு மேலேதான் இருக்கின்றன. ஆகவே எஸ்.எஸ்.டி.யை வேலை செய்யும் இடமாக வைத்துக்கொண்டு, முடிந்த பதிவுகளை வெளி வன்தட்டுகள் இரண்டில் பிரதி எடுத்து, ஒன்றை உங்கள் வீட்டிலும் மற்றையதை வேறொருவர் வீட்டிலும் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது இரண்டையும் இயக்கிக் கோப்புகளைத் திறந்து பாருங்கள். கூத்தைப் பழக்கும் ஓர் அண்ணாவியார் பாடி ஆடிக்காட்டியது ஒரே ஒரு பிரதியில் கிடப்பது எனக்கு அச்சமாக இருக்கிறது, சேர்.

களுவாஞ்சிக்குடி ஆசிரியர் எழுதியது:

மூன்று வாரங்களின் பின்னர் எழுதுகிறேன். 2 டெராபைட் எஸ்.எஸ்.டி. தாங்கிக்குள் பூட்டப்பட்டு, விண்டோஸும் பதிவுகளும் குறைவின்றி வந்து சேர்ந்துவிட்டன. வன்தட்டுப் பிரதிகளில் ஒன்று செங்கலடியிலுள்ள என் தமக்கையாரின் வீட்டில் இருக்கிறது. கையில் மீந்திருந்த சாட்டா எஸ்.எஸ்.டி.யைக் கடையில் திருப்பி எடுக்கவில்லை. ஆனால் எங்கள் பாடசாலை விஞ்ஞான ஆசிரியர் பாவிப்பது டி440 என்பது கல்முனை நண்பரின் பதிலை வாசித்த பின்னரே என் நினைவுக்கு வந்தது. நேற்றுப் பாடசாலை விட்ட பிறகு இருவருமாக மூடியைத் திறந்து, அவரது கணினியின் சிறிய ஸ்லொட்டில் அதை வைத்துப் பூட்டினோம். கணினியை இயக்கியதும் பயொஸிலேயே அதன் பெயர் தெரிந்தது.