மூக்கைத் தூக்கினால் எஞ்சின் நின்றுவிடுகிறது: 40-ஐ விட்டுவிட்டு 60 வாங்கலாமா?

தும்பி:
வணக்கம். என்னிடம் இருப்பது ரேடியோவால் இயக்கும் மாதிரி விமானம், சிறகு உடலுக்கு மேலே இருக்கும் பயிற்சி வகை. பால்சா மரத்தில் செய்தது. சிறகின் நீளம் 160 செ.மீ., டேங்க் காலியாக இருக்கும்போது எடை 2.5 கிலோ. பழைய 40 அளவு, அதாவது 6.5 சிசி, இரண்டு ஸ்ட்ரோக் கிளோ எஞ்சின் (மெத்தனால் கலந்த எரிபொருளில் ஓடுவது) பொருத்தியிருக்கிறேன். புரொப்பெல்லர் 10-க்கு 6, அதாவது விட்டம் 10 அங்குலம், ஒரு சுற்றுக்கு முன்னேறும் அளவு (பிட்ச்) 6 அங்குலம். தரையில் முழு வேகத்தில் நன்றாக ஓடுகிறது. மேலேறத் தொடங்கியதும் சத்தம் கூர்மையாகி உயர்கிறது, உடனே நின்றுவிடுகிறது. சக்தி போதவில்லை, 60 வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். நான்கு ஸ்ட்ரோக், மின்மோட்டார் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். திண்டுக்கல் பக்கம் இருக்கிறேன். மெத்தனால் கிடைப்பதே பெரும்பாடு. எதைத் தேர்ந்தெடுப்பது?

நெம்புகோல்:
தம்பி, பணத்தை இப்போதைக்கு வெளியே எடுக்காதீர்கள். சக்தி குறைந்த எஞ்சின் திணறி, சத்தம் தாழும். உங்களுடையது சத்தம் உயர்ந்து நிற்கிறது என்றால் எரிபொருள் போதாமல் கலவை மெலிகிறது. மூக்கு மேலே போனதும் டேங்க், கார்புரேட்டரை விடத் தாழ்ந்துவிடுகிறது. ஏற்கெனவே விளிம்பில் இருந்த கலவை அத்தோடு தீர்ந்துபோகிறது.

முதலில் டேங்கின் நடுக்கோடு நீடிலின் (எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசித் திருகு) மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ இருக்கிறதா என்று பாருங்கள். சைலன்சரிலிருந்து டேங்குக்கு அழுத்தம் தரும் குழாய் கழன்றிருக்கக் கூடாது. பிறகு டேங்கைத் திறந்து, உள்ளே எடைக்குண்டு தொங்கும் சிலிக்கான் குழாயை வெளியே எடுத்து வளைத்துப் பாருங்கள். பழைய டேங்கில் அதில்தான் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், காற்றை உறிஞ்சும். குழாயின் விலை அற்பம், மாற்றிவிடுங்கள்.

அதன்பின் நீடிலைச் சரிசெய்யுங்கள். முழு வேகத்தில் உச்சச் சுற்றைத் தொட்டதும் அங்கேயே விடாமல், நிமிடத்துக்கு 300 முதல் 500 சுற்று வரை குறையும் அளவுக்குத் திறந்துவிடுங்கள். இன்னொருவர் விமானத்தை இறுகப் பிடித்து மூக்கை வானத்தை நோக்கித் தூக்கட்டும். பத்து நொடி அப்படியே நின்றும் சுற்று தளரவில்லை என்றால் பறக்கலாம். புரொப்பெல்லர் சுழலும் தளத்துக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது. இந்தச் சோதனையில் விரல் இழந்தவர்கள் உண்டு, தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

வானம்பாடி:
நெம்புகோல் அண்ணன் சொன்னதைச் செய்யுங்கள். அதற்குப் பிறகும் புதிது வாங்கத் தோன்றினால் 46 போதும், அதாவது 7.5 சிசி. பல தயாரிப்புகளில் 40-க்கும் 46-க்கும் உடற்கூடும் திருகுத் துளைகளும் ஒன்றே. எடை வித்தியாசமும் மிகச் சிறிது. 11-க்கு 6 புரொப்பெல்லரை நன்றாகச் சுழற்றும். 60 என்பது 10 சிசி. சைலன்சரோடு எடை தெளிவாகக் கூடும். அந்தக் கூடுதல் எடை மூக்கில் ஏறினால், சமன் செய்ய வாலில் ஈயம் கட்ட வேண்டும். அப்புறம் விமானம் தரையிறங்கும்போது வேகமாக வரும், கற்பவருக்கு அதுதான் கஷ்டம். பயிற்சி விமானத்துக்கு 60 பரிந்துரைப்பது எனக்குப் பிடிக்கவே இல்லை.

நான்கு ஸ்ட்ரோக்கின் சத்தம் எனக்கு உயிர். ஆனால் இரண்டு ஸ்ட்ரோக் 46-இன் வேலையைச் செய்ய அதில் 60, 70 அளவு தேவைப்படும். விலையும் அதிகம், வால்வு இடைவெளியையும் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். முதல் எஞ்சினாக வேண்டாம்.

தும்பி:
கண்டுபிடித்துவிட்டேன்! டேங்குக்குள் இருந்த குழாயில், எடைக்குண்டு மாட்டும் இடத்தில் கீறல் இருந்தது. மாற்றினேன். மூக்கைத் தூக்கினாலும் சுற்று மாறவில்லை, நேற்று மாலை முழு டேங்க் தீரும்வரை பறந்தது. மிக்க நன்றி, ஐயா. ஆனால் எரிபொருள் கவலை தீரவில்லை. அடுத்த விமானமும் இதே அளவுதான். 46 வாங்கவா, மின்மோட்டாரா?

மின்கலம்:
மின்மோட்டார். கணக்கு இதோ: பயிற்சி விமானத்துக்குக் கிலோவுக்கு 200 வாட் தாராளம், 2.5 கிலோவுக்கு 500 வாட். 700 வாட் தாங்கும் மோட்டார் வாங்கினால் சூடேறாது. நான்கு செல் லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) 14.8 வோல்ட், 45 ஆம்பியர் இழுத்தால் ஏறக்குறைய 670 வாட். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 60 ஆம்பியரில் வாங்குங்கள். மோட்டார் 800 கேவி அளவில் (சுமையின்றி ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 800 சுற்று) இருந்தால் 12-க்கு 6 புரொப்பெல்லர் பொருந்தும். ஆனால் ஆம்பியரை மீட்டரில் அளந்த பிறகே பறக்க வேண்டும். 4000 எம்ஏஎச் (4 ஆம்பியர்-மணி) பேட்டரியை ஐந்தில் நான்கு பங்கு மட்டும் பயன்படுத்தி, சராசரி 20 ஆம்பியர் என்று வைத்தால் ஒன்பது நிமிடம் கிடைக்கும்.

நெம்புகோல்:
எஞ்சின் பக்கமும் ஒரு சொல். கூடுதல் சக்திக்காக எரிபொருளில் கலக்கும் நைட்ரோமீத்தேன் இல்லாவிட்டால் பறக்க முடியாது என்பது தவறான எண்ணம். 80 பங்கு மெத்தனால், 20 பங்கு ஆமணக்கெண்ணெய்: சர்வதேசப் போட்டிகளிலேயே பயன்பட்ட கலவை அது. நைட்ரோ கலந்த எரிபொருளிலிருந்து இதற்கு மாறினால் நீடிலைக் கொஞ்சம் மூட வேண்டும்; குறைந்த வேகம் முன்போல் மென்மையாக இராது, அவ்வளவுதான்.

ஆனால் மெத்தனால் உயிரைக் குடிக்கும் நஞ்சு. 2024-இல் கள்ளக்குறிச்சியில் நடந்ததை நாம் மறக்கவில்லை. அதன் விற்பனைக்குக் கட்டுப்பாடு இருப்பது நியாயம். உரிமம் உள்ளவரிடம் மட்டும் வாங்குங்கள். பெயர் எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். தண்ணீர்ப் புட்டியில் ஒருபோதும் ஊற்றாதீர்கள். முறையாக வாங்க வழியில்லை என்றால், மின்கலம் சொன்னதே சரி. எஞ்சின் வாசனையை விரும்பும் நானே இதைச் சொல்கிறேன்.

தும்பி:
முடிவு செய்துவிட்டேன்: பழைய 40 இந்த விமானத்திலேயே இருக்கட்டும், புதியதற்கு மின்மோட்டார். கடைசியாக ஒன்று: பேட்டரியை எங்கே வைப்பது?

மின்கலம்:
டேங்க் இருக்கும் அறையிலேயே. முன்னும் பின்னும் நகர்த்த இடம் விட்டு, பட்டையால் இறுக்குங்கள். சிறகின் அகலத்தில் முன் விளிம்பிலிருந்து 25 முதல் 30 சதவீதத்துக்குள் விரல்களால் தாங்கினால் விமானம் மட்டமாக, அல்லது மூக்கு சற்றே தாழ்ந்து நிற்க வேண்டும். அந்த இடம் கிடைத்ததும் பேனாவால் கோடு போட்டுவிடுங்கள். ஓரிரு நாளைக்குப் பறக்கவில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்து, எரியாத பெட்டியில் வையுங்கள்.