மகளின் கழுத்துக் கருப்பும் ஏறிய எடையும்

செந்தூல்காரி:
மகளுக்குக் கழுத்தில் வெல்வெட் துணிபோல் கருப்பு. அத்தைமார் எலுமிச்சை, கடலை மாவு என்று தேய்த்துப் பார்த்தார்கள். மாதவிலக்கு தள்ளித் தள்ளி வந்தது. எடையோ ஏறிக்கொண்டே போனது. கல்யாண வீட்டில் எல்லாருக்கும் ஒரே பாட்டு, "வாயைக் கட்டும்மா". பிள்ளை சாப்பிடுவதோ அண்ணன் சாப்பிடுவதில் பாதி.

அரசாங்க கிளினிக்கில் டாக்டர் கழுத்தைப் பார்த்ததுமே, "இது அழுக்கு இல்லம்மா, இன்சுலின் கூடியிருக்கலாம்" என்றார். உடம்பு இன்சுலினுக்கு மசியாதபோது கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறதாம். அதனால் இரத்தச் சீனி ரொம்ப நாளைக்குச் சரியாகவே காட்டும். இன்சுலின் ஏறி நிற்கும் காலமெல்லாம் சேர்ந்த கொழுப்பு எளிதில் கரையாது. அந்த இன்சுலினே சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனையும் கூட்டும். தாடையில் முடி வந்தது அதனால்தான். இந்தச் சினைப்பைக் கோளாறுக்குப் பெயர் பிசிஓஎஸ். சுமார் மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி 5.9 சதவீதம், நம் மலேசியாவில் 5.7 முதல் 6.2 வரை இனிப்புநீருக்கு (நீரிழிவுக்கு) முந்தின கட்டம். உடம்பை இன்சுலினுக்கு மசியவைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்திருக்கிறார்.

பினாங்கு ஷிஃப்ட்காரன்:
அக்கா, எனக்குக் கை கால் குச்சி, தொப்பை மட்டும் தனி. டாக்டர் தராசை விட்டுவிட்டு டேப்பை எடுத்தார். நம்ம ஆசிய ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டருக்குள் இருக்கணுமாம், பெண்களுக்கு 80. பாயான் லெப்பாசில் இரவு வேலை. தூக்கம் கெட்டால் பசியைத் தூண்டும் கிரெலின் கூடி, போதும் என்று சொல்லும் லெப்டின் குறையுமாம். விடியக்காலை மாமாக் கடையில் ரொட்டி சானாயும் கண்டென்ஸ்டு மில்க் ஊற்றி ஆற்றும் தே தாரேக்கும் ஏன் அப்படி இழுக்குதுன்னு இப்பத்தான் புரியுது.

ஓய்வுபெற்ற ஆசிரியை:
எல்லாவற்றையும் ஹார்மோன் தலையில் கட்ட வேண்டாம். என் தங்கைக்குத் தைராய்டு குறைவு. அதனால் ஏறும் எடை பொதுவாகக் கொஞ்சம்தான், அதிலும் பாதிக்கு மேல் நீர். மாத்திரை போட்டும் மீதி இறங்கவில்லை. கண்டென்ஸ்டு மில்க்குக்குத் தைராய்டு என்ன செய்யும்?

செந்தூல்காரி:
சரிதான் டீச்சர். வீட்டில் இப்போது பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்தான். இரவுச் சாப்பாடு முடிந்ததும் மகளும் நானும் தித்திவங்சா ஏரியைச் சுற்றுகிறோம். நடக்கும்போது தசை இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே சீனியை இழுத்துக்கொள்ளுமாம். எடை கொஞ்சம்தான் இறங்கியது, ஆனால் மாதவிலக்கு ஒழுங்காகிவிட்டது.

பினாங்கு ஷிஃப்ட்காரன்:
மெட்ஃபார்மின் வயிற்றைக் கலக்கலையா அக்கா?

செந்தூல்காரி:
முதலில் கலக்கியது தம்பி. சாப்பாட்டோடு போடச் சொன்னார்கள், அடங்கிவிட்டது.