மறு: 'ஸ்டாக்' = அடுக்கா, பிணையடுக்கா? பன்னிற ஒளியுமிழ் சாதனங்களும் காப்புரிமைத் தேர்வாய்வும்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பல நிற எல்இடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிய சாதனங்களின் காப்புரிமை விண்ணப்பங்களில் வரும் சொற்களுக்குத் தமிழ்ச் சொற்பட்டியல் ஆக்கிவருகிறோம். அவற்றுள் 'ஸ்டாக்' என்பதற்கு இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகள் அடுக்கு, பிணையடுக்கு, கோபுரம். கோபுரத்தைச் சொன்னவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். மற்ற இரண்டுக்கும் நடுவில்தான் இழுபறி. இதற்கிடையில், சட்டப் பிரிவைத் தமிழாக்கிய நண்பர் இப்படி எழுதியிருந்தார்:

> "அறியப்பட்ட சாதனங்களை வெறுமனே அடுக்குவது கண்டுபிடிப்பு ஆகாது."

இந்த வரி அப்படியே சொற்பட்டியலுக்குள் போய்விடக் கூடாது என்பதால்தான் சற்று நீளமாக எழுதுகிறேன்.

நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டம் 1970இன் பிரிவு 3(எஃப்) சொல்வது இது: ஏற்கெனவே தெரிந்த சாதனங்கள், ஒன்றையொன்று சாராமல், தெரிந்த வழியிலேயே தனித்தனியாக இயங்குமானால், அவற்றை வெறுமனே ஓர் ஒழுங்கில் வைப்பதோ, இடம் மாற்றி வைப்பதோ, ஒன்றைப் பலவாக்கி வைப்பதோ கண்டுபிடிப்பு ஆகாது. இதில் வரும் 'அரேஞ்ச்மென்ட்' என்ற சொல்லுக்கு 'அடுக்குதல்' என்று போட்டுவிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாகச் சிவப்பு, பச்சை, நீல எல்இடிகளை ஏற்றிய சாதனத்துக்கும் 'அடுக்குச் சாதனம்' என்று பெயர் வைத்தால் என்ன ஆகும்? காப்புரிமை தரலாமா என்று பார்க்கும் தேர்வாய்வாளர் விண்ணப்பத்தைப் புரட்ட வேண்டிய வேலையே இல்லை. பெயரைப் பார்த்ததும் "இது அடுக்கியதுதானே, சட்டம் விலக்கியிருக்கிறதே" என்று முடித்துவிடலாம். விண்ணப்பதாரர் தோற்பதற்கு நம் சொல்லே காரணமாகிவிடும்.

பிணையடுக்கு இதற்கு நேர் எதிர்த் தவறு. 'பிணை' என்று பெயரிலேயே சேர்த்துவிட்டால், உள்ளே இருப்பவை ஒன்றோடொன்று பிணைந்து வேலை செய்கின்றன என்பதை விசாரணைக்கு முன்பே ஒப்புக்கொண்டது போலாகிறது. பிணைந்திருக்கின்றனவா என்பதே தேர்வாய்வில் கேட்கப்படும் கேள்வி. உறுப்புக்கு இடும் பெயரில் தீர்ப்பு ஒளிந்திருக்கக் கூடாது. வடிவத்தைச் சொல்லும் சொல் வடிவத்தை மட்டும் சொல்லட்டும், மதிப்பீட்டுக்குத் தனிச் சொல் இருக்கட்டும். நான் முன்வைப்பது இதைத்தான்.

விண்ணப்பம் இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் இருக்க வேண்டும் என்கின்றன காப்புரிமை விதிகள். கிண்டியில் காப்புரிமை அலுவலகம் இருந்தும் தமிழில் தாக்கல் செய்ய வழியில்லை, பிறகு எதற்கு இவ்வளவு நுணுக்கம் என்று ஒருவர் கேட்டிருந்தார். தாக்கல் செய்வதற்காக இந்தச் சொற்களை நாம் ஆக்கவில்லை. தமிழ்வழியில் படித்துவிட்டு ஆய்வகத்திலோ பட்டறையிலோ புதிதாக ஒன்றைச் செய்து முடித்தவர், தன் ஆக்கம் எந்தக் கேள்வியில் நிற்கும், எதில் விழும் என்று தன் மொழியில் யோசிக்க முடிய வேண்டும். வழக்கறிஞர் கேட்கும் கேள்வியே புரியாமல் தலையாட்டுகிற நிலை அவருக்கு வரக் கூடாது.

இனி, சாதனத்துக்குள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால் சொற்கள் தாமே பிரிந்து நிற்கும்.

சிவப்பு எல்இடிக்கான அலுமினியம் இண்டியம் காலியம் பாஸ்ஃபைடைக் காலியம் ஆர்சனைடு மீது வளர்ப்பது வழக்கம். நீலமும் பச்சையும் இண்டியம் காலியம் நைட்ரைடு. அவற்றைப் பெரும்பாலும் நீலக்கல் மீது வளர்க்கிறார்கள். இரண்டு குடும்பங்களின் படிகக் கட்டமைப்பும் ஒத்துப்போகாது. அதனால் வேறுவேறு இடத்தில் வளர்த்து, வளர்த்த அடித்தளத்தை நீக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுகிறார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மூன்று இடம் பிடிக்கும் படப்புள்ளி (பிக்சல்), மேலே மேலே ஏற்றினால் ஓரிடத்தில் அடங்கிவிடும். 2023இல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வுக் குழுவினர் இப்படி நிலைக்குத்தாக ஏற்றி, அங்குலத்துக்கு 5,100 படப்புள்ளிகள் வரை நெருக்கிக் காட்டினார்கள்.

ஆனால் ஏற்றிவிட்டால் போதாது. ஒளி மேல்வழியே வெளியேறுவதானால் சிவப்பு அடியில், பச்சை நடுவில், நீலம் மேலே இருப்பதே இயல்பான வரிசை. சிவப்பு ஒளித்துகளின் ஆற்றல் சுமார் 2 எலக்ட்ரான் வோல்ட், நீலத்துக்குச் சுமார் 2.75. எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி பெரிதாக உள்ள பொருள், தன்னைவிடக் குறைந்த ஆற்றலுள்ள ஒளியை விழுங்காமல் விட்டுவிடும். அதனால் சிவப்பு ஒளி பச்சையையும் நீலத்தையும் தாண்டி வெளியே வருகிறது. சிக்கல் எதிர்த்திசையில் இருக்கிறது. நீலத்திலிருந்து கீழ்நோக்கிப் போகும் ஒளியைச் சிவப்புப் பகுதி விழுங்கி, தானும் சிவப்பாக ஒளிர்கிறது. நீலத்தை மட்டும் ஒளிரவிட்டாலும் சிவப்பு கசிந்து நிறம் கெடுகிறது. அதைத் தடுக்க, சிவப்பை விட்டு நீலத்தைத் திருப்பும் மெல்லிய எதிரொளிப்புப் படலம் ஒன்றை நடுவில் வைக்கிறார்கள்.

பிரிவு 3(எஃப்)க்கான விடையைத் தேட வேண்டிய இடம் அந்தப் படலம்தான். மூன்று எல்இடிகளும் 'தெரிந்தவை' என்பதில் யாருக்கும் ஐயமில்லை. 1962இல் நிக் ஹோலோனியாக் காட்டிய கண்ணுக்குத் தெரியும் சிவப்பும், 1993இல் நகமுரா தந்த ஒளிமிகு நீலமும் இன்று பாடநூல் செய்திகள். ஒன்றின் ஒளி மற்றொன்றைக் கெடுக்கிறது, அந்தக் கேட்டை நடுவிலுள்ள படலம் தடுக்கிறது என்று காட்டினால், அவை ஒன்றையொன்று சாராமல் இயங்குகின்றன என்று சொல்வது கடினம். விவாதம் அதோடு முடியாது. அத்தகைய படலமும் பழகியதுதானே, அதை அங்கே வைக்கலாம் என்று யாருக்கும் தோன்றாதா என்பது அடுத்த கேள்வி. அது 3(எஃப்) அல்ல, 'இன்வென்டிவ் ஸ்டெப்' என்பதை வரையறுக்கும் பிரிவு 2(1)(ஜேஏ). இரண்டையும் குழப்பாமல் கேட்க மொழி இடம் தர வேண்டும்.

உச்ச நீதிமன்றம் பிஸ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் வழக்கில் 1978இல் தந்த தீர்ப்பு இங்கே நமக்கு நேரடியாக உதவுகிறது. மிர்ஸாபூர்ப் பாத்திரத் தொழிலில், பாத்திரத்தைக் கடைசல் இயந்திரத்தில் பிடித்து நிறுத்தும் அமைப்பு பற்றிய வழக்கு. பழைய உறுப்புகளாகவே இருந்தாலும், அவை இயங்கும்போது ஒன்றோடொன்று கொள்ளும் உறவால் புதிய செயல்முறையோ மேம்பட்ட விளைவோ கிடைத்தால் அது கண்டுபிடிப்பாகலாம், வெறும் திரட்டாக இருந்தால் ஆகாது என்பது அதன் சாரம். பாத்திரக் கடைசலுக்குச் சொன்னது மைக்ரோ எல்இடி எனும் இந்த நுண்ணிய எல்இடிகளுக்கும் பொருந்துகிறது. அந்த 'இயங்கும்போது கொள்ளும் உறவு' என்பதற்கு இயங்குறவு என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். 'இடைவினை' இயற்பியலில் வேறு பொருளில் ஊன்றிவிட்டது. 'கூட்டுவிளைவு' விளைவைச் சொல்கிறதே தவிர உறவைச் சொல்லவில்லை.

இந்த வேறுபாடு தமிழ் படித்தவருக்குப் புதிதும் அல்ல. "பாம்பு பாம்பு" அடுக்குத்தொடர்: பிரித்தாலும் ஒவ்வொரு சொல்லும் தனியே பொருள் தரும். "சலசல" இரட்டைக்கிளவி: பிரித்தால் பொருளில்லை. "இரட்டைக் கிளவி இரட்டிற் பிரிந்திசையா" என்பது தொல்காப்பியம். 3(எஃப்) கேட்கும் கேள்வியும் கிட்டத்தட்ட இதுவே: பிரித்து வைத்தாலும் ஒவ்வொன்றும் அதே வேலையைச் செய்யுமா? மாணவர்களுக்கு விளக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. இந்த ஒப்புமையைக் கண்டதும், 'அடுக்கு' என்றாலே பிரியக்கூடியது என்ற பொருள் வந்துவிடுகிறதே, அந்தச் சொல்லே வேண்டாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அடுக்குமாடியும் அடுக்குமல்லியும் பிரித்தெடுக்க முடியாதவைதான். பொதுவழக்கில் அடுக்கு வடிவத்தை மட்டுமே குறிக்கிறது.

அடுத்தது, இழையில் யாரும் தொடாத ஒன்று. இத்தகைய விண்ணப்பங்களில் 'ஸ்டாக்' ஒரே அளவில் வருவதில்லை. எலக்ட்ரான் மிகுந்த என்-வகைப் பகுதி, ஒளி பிறக்கும் மிக மெல்லிய குவாண்டம் கிணறுகள், எலக்ட்ரான் குறைந்த பி-வகைப் பகுதி ஆகியவை சேர்ந்த ஒற்றை நிற எல்இடியையே 'முதல் ஸ்டாக்' என்கிறார்கள். அத்தகைய மூன்றை ஏற்றினால் வரும் முழுமைக்கும் 'ஸ்டாக்' என்றே பெயர். நாமும் இரண்டுக்கும் அடுக்கு என்று போட்டால் "முதல் அடுக்கின் மேலடுக்கில் உள்ள அடுக்கு" என்றெல்லாம் எழுத நேரும். அதனால் 'லேயர்' படலம் ஆகட்டும். ஒரு நிறத்துக்குரிய படலங்களின் கூட்டம் படலத்தொகுதி. தொகுதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றால் அடுக்கு. அடுக்குகள் பரப்பில் வரிசையாகப் பரவி நின்றால் அணி, கணினிப் பாடநூலில் 'அர்ரே'க்கு ஏற்கெனவே உள்ள சொல். சட்டத்தின் 'அரேஞ்ச்மென்ட்'டுக்கு வைப்புமுறை. ஈழத்து நண்பர்கள் 'லேயர்' என்பதற்குப் படை என்று எழுதுவார்கள், ஓசோன் படை என்பது போல. அவர்கள் படை என்றும் படைத்தொகுதி என்றும் வைத்துக்கொள்வதில் தடையில்லை. அடுக்கோடு மோதாமல் இருந்தால் போதும். 'மல்டிகலர்' பற்றி நீண்ட சர்ச்சை தேவையில்லை. பன்னிறம் புணர்ச்சிப்படியும் சரி, சொல்லவும் எளிது.

மிகவும் கவனம் வேண்டிய இடம் 'இண்டிபெண்டென்ட்' என்ற சொல். திரைக்கான சாதனத்தில் மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்த முடிவதே பெருமை. எதற்கு உரிமை கேட்கிறோம் என்று விண்ணப்பத்தில் சொல்லும் உரிமைக்கோரலிலும் அதை எழுதியாக வேண்டும். ஆனால் 3(எஃப்) விலக்குவது 'தனித்தனியாக இயங்கும்' சாதனங்களை. ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு இடத்திலும் வந்து விண்ணப்பதாரரைச் சிக்க வைக்கிறது. தமிழில் தன்வினை, பிறவினை வேறுபாடு கையில் இருக்கிறது: இயங்குவது வேறு, இயக்குவது வேறு. தனித்தனியே இயக்கலாம் என்றால் மின்னோட்டத்தைத் தனியாகக் கொடுக்கலாம் என்று பொருள். தனித்தனியே இயங்குகின்றன என்றால் ஒன்றின் வேலைக்கு மற்றது தேவையில்லை என்று பொருள். வேறுபாடு ஓர் எழுத்துதான், கண் நழுவினால் போயிற்று. அதனால் உரிமைக்கோரலில் "தனித்தனியே ஒளிரவிடத்தக்க" என்று எழுதுவதே பாதுகாப்பு. 'இயங்கு' என்ற வேரைச் சட்டக் கேள்விக்கு மட்டும் ஒதுக்கிவிடலாம்.

எழுதிப் பார்த்தால்தான் சொல் நிற்குமா என்று தெரியும்:

"முதல் நிற ஒளி உமிழும் முதல் படலத்தொகுதியும், அதன் மேல் அமைந்து இரண்டாம் நிற ஒளி உமிழும் இரண்டாம் படலத்தொகுதியும், இவ்விரண்டுக்கும் இடையில் அமைந்து முதல் நிற ஒளியைக் கடத்தி இரண்டாம் நிற ஒளியைத் திருப்பும் எதிரொளிப்புப் படலமும் உள்ளடங்கிய, தொகுதிகள் தனித்தனியே ஒளிரவிடத்தக்க, ஒளியுமிழ் அடுக்கு."

படிக்க முடிகிறது. "உள்ளடங்கிய" என்பது திறந்த சொல், வேறு உறுப்புகளும் சேரலாம். "மட்டுமே கொண்ட" என்று எழுதினால் கதவு மூடிவிடும். இதை ஒரு குறிப்பாகச் சொற்பட்டியலில் சேர்த்துவிடலாம்.

'இன்வென்டிவ் ஸ்டெப்' என்பதற்குக் 'கண்டுபிடிப்புப் படிநிலை' என்று ஒருவர் தந்திருந்தார். படி என்றதும் ஏணி நினைவுக்கு வருகிறது, பொருள் நழுவுகிறது. சட்டமே அதைக் கண்டுபிடிப்பின் ஒரு 'கூறு' என்றுதான் வரையறுக்கிறது: இருக்கும் அறிவைவிடத் தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ அல்லது இரண்டுமோ உடையதாகவும், துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றாததாகவும் கண்டுபிடிப்பை ஆக்கும் கூறு. எனவே புத்தாக்கக் கூறு.

அந்தத் 'துறை தெரிந்தவர்' யார் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. 'வல்லுநர்', 'நிபுணர்' இரண்டும் கூடாது. சட்டம் கற்பனை செய்யும் ஆள் மேதை அல்ல. துறையில் வழக்கமாக நடப்பதை அறிந்து, வழக்கமான வேலையைப் பிசகாமல் செய்பவர். வல்லுநர் என்று எழுதினால் அளவுகோல் உயர்ந்து, எல்லாமே அவருக்கு எளிதில் தோன்றிவிடும். துறை கைவந்தவர் என்ற தொடரைப் பரிந்துரைக்கிறேன்.

இந்தச் சொல் எங்கே பயன்படும் என்பதற்கு ஒரு நேர்வு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஃபாரஸ்ட் குழுவினர் 1997இலேயே, கரிமப் பொருள்களால் ஆன மூன்று நிறங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, ஒவ்வொன்றையும் தனியே கட்டுப்படுத்திக் காட்டிவிட்டார்கள். இன்று கனிமக் குறைக்கடத்தியில் அதே அமைப்புக்கு ஒருவர் உரிமை கோரினால், தேர்வாய்வாளர் அந்த 1997 கட்டுரையை எடுத்து வைக்கக் கூடும். கரிமப் படலங்களுக்குப் படிகப் பொருத்தம் தேவையில்லை, ஒன்றன்மேல் ஒன்றாக ஆவிபடியச் செய்துவிடலாம். காலியம் நைட்ரைடில் அது நடக்காது. கரிம எல்இடியில் கைவந்ததை நைட்ரைடுக்கு அப்படியே கொண்டுவரலாம் என்று துறை கைவந்தவருக்குத் தோன்றியிருக்குமா, வெற்றி கிடைக்கும் என நம்பக் காரணம் இருந்திருக்குமா என்பதில்தான் வழக்கு நிற்கும். நிபுணர் என்று போட்டால் விடை ஒருபக்கம் சாய்ந்துவிடும்.

இன்னும் முடியாமல் இருப்பது 'டனல் ஜங்ஷன்'. ஒட்டாமல், ஒரே வளர்ப்பில் தொகுதிகளை மேலே மேலே ஏற்றும்போது நடுவில் வருகிற, மாசு மிகுதியாகச் சேர்த்த பி-என் சந்தி அது. எலக்ட்ரான் தடையைத் துளைத்துக் கடக்கும், 1957இல் லியோ எசாகி கண்ட விளைவின் மேல் நிற்கிறது. சுரங்கச் சந்தி என்றால் சாலைச் சந்திப்பு போல் ஒலிக்கிறது. துளைவழிச் சந்தி என்று நான் எழுதிவருகிறேன், முழு நிறைவில்லை. குறைக்கடத்தி ஆய்வகத்தில் இருப்பவர்கள் பேச்சில் எப்படிச் சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள். அதை வைத்து அடுத்த மடலில் தொடரலாம்.

அன்புடன்