பில்லியர்ட்ஸில் கோணத்தை விட்டுக் கோசைனை ஏன் பிடிக்கிறோம்?

திருப்பாப்புலியூர்:
எம்.எஸ்சி. கணிதம் படிக்கிறேன், செமினாருக்கு பில்லியர்ட்ஸ் எடுத்திருக்கிறேன். கேரம் ஆடியவர்களுக்கு விதி கைக்கே தெரியும், எந்தக் கோணத்தில் விளிம்பில் மோதுகிறதோ அதே கோணத்தில் திரும்பும். இங்கே மேசை மட்டும் வளைந்த குவி வடிவம், உராய்வு கிடையாது. மோதிய இடமும் புறப்படும் கோணமும் தெரிந்தால் அடுத்த மோதலைச் சொல்லிவிடலாம், சரி. ஆனால் எங்கே பார்த்தாலும் மோதிய இடம் ஓர் அச்சு, கோணத்துக்குப் பதில் அதன் கோசைன் மறு அச்சு என்று வரைபடம் போட்டு, மோதலுக்கு மோதல் அந்தப் படத்தில் பரப்பு மாறாது, அதனால் சிம்ப்ளெக்டிக் (பரப்பைக் காக்கும் அமைப்பு) என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஏன் கோசைன்? ஜியோடெசிக் ஓட்டம், அதாவது வளைந்த பரப்பின் மேல் இடம் வலம் திரும்பாமல் நேராகப் போகும் நகர்வு, இதற்குள் எப்படி வருகிறது? புதுச்சேரி, கடலூர் பக்கம் யாராவது இதில் இருந்தால் நேரில் வந்தும் கேட்பேன்.

காலாப்பட்டுவாசி:
தம்பி, கோசைன் நாணின் நீளத்திலிருந்து தானாக வருகிறது. அடுத்தடுத்த இரண்டு மோதல் புள்ளிகளை இணைக்கும் நாணை எடுங்கள். முதல் புள்ளியை விளிம்பில் லேசாக முன்னே நகர்த்தினால் நாண் குறையும் வீதம் புறப்பட்ட கோணத்தின் கோசைன், இரண்டாவதை நகர்த்தினால் கூடும் வீதம் வந்து சேர்ந்த கோணத்தின் கோசைன். நாண் நீளத்தின் வகையீட்டை இப்படி எழுதி இன்னொரு முறை வகையிட்டால் ஒரு பக்கம் பூஜ்ஜியம், மறுபக்கம் பழைய பரப்புக்கும் புதிய பரப்புக்கும் உள்ள வித்தியாசம். நிரூபணம் அவ்வளவுதான்!

பலனும் உடனே கிடைக்கும். வரைபடத்தின் இந்தப் பரப்பை வைத்துச் சராசரி எடுத்தால், எந்தக் குவி மேசையிலும் நாணின் சராசரி நீளம் மேசையின் பரப்பை π-ஆல் பெருக்கிச் சுற்றளவால் வகுத்தது. கோணத்தை அப்படியே வைத்தால் வட்டத்துக்கே இது வராது, போட்டுப் பாருங்கள். அப்புறம், பாய்ன்கரே 1912இல் முன்வைத்து பிர்க்காஃப் 1913இல் நிரூபித்த தேற்றம் இந்த மாறாப் பரப்பில்தான் நிற்கிறது: ஒரு வளையத்தின் இரு விளிம்புகளையும் எதிரெதிராகச் சுழற்றினாலும், பரப்பு மாறாவிட்டால் நகராத புள்ளிகள் இரண்டாவது இருக்கும். மூன்று மோதல், நான்கு மோதல் என்று எத்தனை கேட்டாலும் அத்தனை மோதலில் மூடும் பாதைகள் உண்டு என்பது அதிலிருந்து வருகிறது.

சில்வர்பீச்:
ஜியோடெசிக் கேள்விக்கு: நீள்வட்டத் திண்மம் ஒன்றின் மேல் போகும் ஜியோடெசிக்கை நினைத்துக்கொண்டு, திண்மத்தை மெல்ல மெல்லத் தட்டையாக்குங்கள். மேல்பக்கத்தில் போன பாதை விளிம்பைத் தாண்டிக் கீழ்ப்பக்கம் இறங்குவது, கடைசியில் நீள்வட்ட மேசையின் விளிம்பில் பட்டுத் திரும்புவதாகிவிடும். திண்மத்தின் ஜியோடெசிக்குகளை 19ஆம் நூற்றாண்டிலேயே யாக்கோபி தீர்த்துவிட்டார், மேசைக்கும் அந்த ஒழுங்கு (பாதை ஒரே வளைவைத் தொட்டபடியே போவது) அப்படியே வருகிறது. இந்த ஒழுங்கு நீள்வட்டத்துக்கு மட்டும்தான் என்பது பிர்க்காஃப் ஊகம். நீள்வட்டத்துக்கு மிக அருகில் உள்ள மேசைகளுக்கு 2018இல் கலோஷினும் சொரெண்டினோவும் நிரூபித்தார்கள்.

காலாப்பட்டுவாசி:
ஒன்று சேர்க்கிறேன், எனக்கு இதுதான் மிகவும் பிடித்த பகுதி. பரிமாணம் கூடினால் கன அளவு மாறாதது மட்டும் போதாது, சிம்ப்ளெக்டிக் கொள்ளளவு (உருவத்துக்குள் எவ்வளவு பெரிய பந்தை நுழைக்கலாம் என்பது போன்ற ஓர் அளவு) என்று இன்னொன்றும் மாறாமல் நிற்கும், குரோமோவ் 1985இல் தொடக்கி வைத்தது. ஒரே கன அளவுள்ள குவி உருவங்களில் பந்துக்கே கொள்ளளவு அதிகம் என்று 2000இல் விட்டர்போ ஊகித்தார். 2024இல் ஹைம்-கிஸ்லெவும் ஓஸ்ட்ரோவரும் அதைப் பொய்யாக்கினார்கள், ஆயுதம் பில்லியர்ட்ஸ்தான்: ஒழுங்கு ஐங்கோண மேசை, அதில் நீளத்தை வழக்கம்போல் அளக்காமல் 90 பாகை திருப்பிய அதே ஐங்கோணத்தை வைத்துத் திசைக்குத் திசை வேறாக அளக்கிறார்கள்.

திருப்பாப்புலியூர்:
அண்ணா, ஐங்கோணத்தின் மூலையில் பட்டால் கோணத்தை எப்படி எடுப்பது?

காலாப்பட்டுவாசி:
மூலையில் ஒரே தொடுகோடு கிடையாது. மூலையைத் தொட்டுக்கொண்டு மேசையை ஒரே பக்கத்தில் விடும் எந்தக் கோட்டிலும் திரும்பலாம் என்று விதியை விரித்துக்கொள்கிறார்கள்.