புதுப்பிப்பு: நிரல் ஏற்றும் இரு சார்புகள் ஒன்றாயின

என் கெர்னலில் (இயங்குதளத்தின் கருவில்) எல்ஃப் எனும் கோப்பு வடிவத்தில் உள்ள நிரலையும், அதனுடன் நூலகங்களை இணைக்கும் டைனமிக் லிங்கரையும் நினைவகத்தில் ஏற்றுவதற்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே அமைந்த இரண்டு சார்புகள் (ஃபங்ஷன்கள்) இருப்பதைக் குறிப்பிட்டு, அவற்றை இணைக்கலாமா என்று முந்தைய இழையில் கேட்டிருந்தேன். இணைத்துவிட்டேன்.

சிக்கல் முழுவதும் பிஎஸ்எஸ்ஸில்தான் இருந்தது; அதாவது, கோப்பில் இடம்பிடிக்காமல், நினைவகத்தில் சுழியாகத் தொடங்க வேண்டிய தரவில். நிரல் கோப்பு பல பகுதிகளாக (செக்மென்ட்) ஏற்றப்படும். ஒரு பகுதியின் நினைவக அளவு கோப்பில் உள்ள அளவைவிடப் பெரிதாக இருந்தால், கோப்புத் தரவு முடியும் நினைவகப் பக்கத்தின் (நினைவகத்தை ஒதுக்கும் அலகு) எஞ்சிய பைட்டுகளைச் சுழியாக்கிவிட்டு, அதற்கு அப்பாலுள்ள பக்கங்களைக் கோப்போடு தொடர்பில்லாத வெற்றுப் பக்கங்களாக ஒதுக்க வேண்டும். பழைய குறிமுறை எல்லாப் பகுதிகளையும் ஏற்றி முடித்த பிறகு, கடைசிப் பகுதிக்கு மட்டுமே இதைச் செய்தது. ஆகவே நடுப்பகுதி ஒன்றுக்கு பிஎஸ்எஸ் இருந்தால், சுழி இருக்க வேண்டிய இடத்தில் கோப்பின் அடுத்த பைட்டுகள் குப்பையாகத் தங்கின. புதிய சார்பு ஒவ்வொரு பகுதியையும் நினைவகத்தில் பொருத்தும்போதே சுழியாக்கிவிடுகிறது. கோப்பு அளவே சுழியாக உள்ள பகுதிக்குத் தனிக் கிளை ஒன்று எழுத நேர்ந்தது. அழகாக இல்லை, ஆனால் தவிர்க்க முடியவில்லை.

எல்ஃபுக்கு முந்தைய நிரல் கோப்பு வடிவமான ஏ.அவுட்டுக்கான ஆதரவையும் அகற்றினேன். லினக்ஸே 2022-இல் அதைக் கைவிட்டுவிட்ட பின் நான் சுமப்பதற்குக் காரணமில்லை. பிரேக் முகவரியை (நிரலின் தரவுப் பகுதி முடியும் இடத்தை) கணக்கிடும் வரிகள் மட்டும் இன்னும் புதிய சார்புக்கு வெளியே நிற்கின்றன.