முக்கோணக் கழுத்துச் சால்வை: 20-ஆம் வரிசையில் 59 வரவில்லை, ரிப் பகுதியும் சுருங்குகிறது

லெனேஷியா நூல்கூட்டம்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் குளிர்காலக் கூட்டுக் குரோஷேயில் (கொக்கி ஊசிப் பின்னல்) மூன்றாம் வாரம் ஓடுகிறது. குழுவில் எல்லாரும் ஒரே முக்கோணக் கழுத்துச் சால்வையைத்தான் போடுகிறோம். கீழே கூரிய நுனியில் தொடங்கி மேலே போகப் போக அகலமாக்க வேண்டும். 28 வரிசை முடிந்ததும் இரண்டு மூலைகளையும் பின்கழுத்தில் சேர்த்து, அதன்மேல் 16 சுற்று வளையமாகப் பின்ன வேண்டும்.

கணக்கு இது: ஆரான் கனமுள்ள (சற்றுத் தடித்த) நூல், 5.5 மி.மீ. ஹூக் (கொக்கி ஊசி), 10 செ.மீ.க்கு 14 ஸ்டிச், 10 வரிசை. முதல் வரிசையில் 3 ஹாஃப் ட்ரெபிள் (நடுத்தர உயரமுள்ள ஸ்டிச்). இரட்டைப்படை வரிசையில் முதல் ஸ்டிச்சிலும் கடைசி ஸ்டிச்சிலும் இரண்டிரண்டு. ஒற்றைப்படை வரிசையில் அதே இடங்களில் மும்மூன்று. அதாவது ஒரு வரிசையில் 2 கூடும், அடுத்ததில் 4 கூடும். 10-ஆம் வரிசையில் 29, 20-இல் 59, 28-இல் 83 வர வேண்டும்.

10 வரை சாதா. 11 முதல் 20 வரை பஃப் (உப்பி நிற்கும் ஸ்டிச்) பகுதி. பஃப் இரட்டைப்படை வரிசைகளில் மட்டும். 21 முதல் 28 வரை ஃப்ரண்ட் போஸ்ட், பேக் போஸ்ட் ரிப், அதாவது கீழ் வரிசை ஸ்டிச்சின் தண்டை முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ சுற்றிப் போட்டு எழுப்பும் தூண்கள்.

மூன்று சிக்கல்கள்:

ஒன்று, சிலருக்கு 10-ஆம் வரிசையில் 29 சரியாக இருந்தது, 20-இல் 54தான் வருகிறது. ஒருவருக்கு மட்டுமல்ல, மூன்று பேருக்கும் அதே 54. நுனியும் ஒரு பக்கமாகச் சாய்கிறது.

இரண்டு, ரிப் முடித்த ஒருவருக்கு 83 ஸ்டிச் சரியாக இருக்கிறது, ஆனால் மேல் விளிம்பு 60 செ.மீ. வராமல் 53 செ.மீ.தான் இருக்கிறது.

மூன்று, வளையத்தை எப்படிச் சேர்த்தால் ரிப் தூண்கள் உடையாமல் தொடரும்?

இன்னொரு கேள்வியும் உண்டு. இரண்டு பேர் மொகேர் (அங்கோரா ஆட்டு முடி) நூலில் போட ஆசைப்படுகிறார்கள். பஃப் தெரியுமா?

மாரிட்ஸ்பர்க் கொக்கி:

லெனேஷியா அக்கா, மூன்று பேருக்கும் ஒரே எண் குறைகிறது என்றால் அது கைத்தவறு இல்லை, குறிப்பைப் படித்த விதம். பஃப் வரிசைகள் எத்தனை? 12, 14, 16, 18, 20. ஐந்து வரிசை, ஐந்து ஸ்டிச். பஃப்பைத் தவறாக எண்ணியிருந்தால் இவ்வளவு சின்ன எண் வராது. 20-ஆம் வரிசையில் மட்டுமே 17 பஃப் இருக்கிறதே. ஆகவே வரிசைக்கு ஒன்று என்று, ஓரத்தில்தான் போகிறது.

அந்தக் குறிப்பில் பஃப் வரிசையைத் தொடங்கும்போது 3 செயின் (சங்கிலிக் கண்) போடச் சொல்லி, அதை ஒரு ஸ்டிச்சாக எண்ணச் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். சாதா வரிசையில் 2 செயின் போட்டு அதை எண்ணாமல் பழகிய கை, அடுத்த வரிசையின் கடைசியில் அந்த 3 செயினின் உச்சியைத் தொடாமலே திரும்பிவிடும். மூன்று போட்டுப் பெருக்க வேண்டிய இடம் ஒரு ஸ்டிச் முன்னாலேயே முடிந்துவிடும். 12, 14, 16, 18 ஆகிய நான்கு வரிசைகளின் செயினும் இப்படி விடுபட்டிருக்கும். 20-ஆம் வரிசையின் செயின் விடுபடவில்லை. எண்ணும்போதுதான் அதைச் சேர்க்கவில்லை. நிஜத்தில் குறைவது 4, ஐந்து அல்ல.

சோதித்துப் பார்க்க வழி: முன்பக்கம் மேலே தெரியும்படி, நுனி கீழே வரும்படி மேசைமேல் வையுங்கள். வலது கையால் பின்னுகிறவர்களுக்கு இடது ஓரத்தில் மட்டும் சின்னச் சின்ன வளையங்கள் தொங்கும். நடு ஸ்டிச்சிலிருந்து வலப்பக்கம் எண்ணினால் 29, இடப்பக்கம் 24. நுனி சாய்வதும் இதனால்தான்.

இந்தச் சால்வையில் எல்லா வரிசையும் ஒற்றைப்படை எண்ணில்தான் முடியும்: 3, 5, 9, 11, 15, 17 என்று போகும். அதனால் எப்போதும் சரியான நடு ஸ்டிச் ஒன்று இருக்கும். அதில் மார்க்கர் மாட்டி, வரிசைக்கு வரிசை மேலே நகர்த்திக்கொண்டே போங்கள். இரண்டு பக்கமும் சமமா என்று பார்ப்பது 59 வரை எண்ணுவதைவிட வேகம். தவறு நேர்ந்த வரிசையிலேயே பிடிபடும்.

பஃப் எங்கெங்கே என்பதையும் நடுவிலிருந்தே எண்ண வேண்டும், ஓரத்திலிருந்து அல்ல. நடு ஸ்டிச்சில் ஒன்று, பிறகு இருபக்கமும் ஒவ்வொரு மூன்றாவது ஸ்டிச்சிலும். ஓரப் பெருக்கலுக்கு முன்னால் மூன்று சாதா ஸ்டிச் விட்டுவிடுங்கள். அப்படிப் போட்டால் 12-ஆம் வரிசையில் 9 பஃப், அடுத்தடுத்த பஃப் வரிசைகளில் 11, 13, 15, 17. இந்த எண்கள் வந்தால் எல்லாம் சரி.

பஃப் ஏன் பின்பக்க வரிசையில், அதாவது இரட்டைப்படை வரிசையில், என்று யாராவது கேட்டால்: பஃப் பின்னுகிறவரை விட்டு அப்பால் அதிகம் புடைக்கும். பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு போட்டால்தான் முன்னால் எழும்பும். நூலைச் சுற்றி, நுழைத்து, இழுத்து, நான்கு முறை செய்தால் ஹூக்கில் 9 வளையங்கள். ஒரே இழுப்பில் எல்லாவற்றையும் கடந்து, 1 செயினால் பூட்ட வேண்டும். அந்தப் பூட்டுச் செயின் தனி ஸ்டிச் அல்ல. அடுத்த வரிசையில் ஒரு பஃப்புக்கு ஒரே ஒரு ஸ்டிச். வளையங்களை 1.2 செ.மீ. அளவுக்கு இழுத்தால் போதும். அதைவிட உயர்ந்தால் பஃப் தொங்கும், குறைந்தால் வெறும் முடிச்சாகத் தெரியும்.

சரிசெய்வது எப்படி? வழவழப்பான நூல் என்றால் பிரிப்பதே நல்லது. 12-ஆம் வரிசை முழுசாகச் சரிதான். முதல் தவறு 13-இன் முடிவில். எனவே 8 வரிசை பிரித்தால் போதும். மறுபடி போடும்போது பஃப் வரிசைக்கும் 2 செயினே போட்டு, எண்ணாமல் விட்டு, முதல் ஸ்டிச்சிலேயே இரண்டு போடுங்கள். உயரம் குறையாது.

பிரிக்க மனமில்லாதவர்கள் 21-ஆம் வரிசையின் முடிவில் அந்த 3 செயினின் உச்சியில் வழக்கமான மூன்றைப் போட்டு, அதற்கு முந்தின ஸ்டிச்சில் ஒன்று கூடுதலாகப் போடட்டும். 23, 25, 27 முடிவுகளிலும் அதே மாதிரி ஒன்று. 28-இல் 83 வந்துவிடும். இடது ஓரத்தில் லேசான வளைவு இருக்கும், விளிம்புப் பின்னல் போட்டதும் பெரும்பாலும் மறையும். ஆனால் நுனி நேராக விழ வேண்டும் என்று நினைப்பவருக்கு இது திருப்தி தராது. நான் பிரிக்கத்தான் சொல்வேன்.

பெனோனி பின்னல்:

ரிப் பற்றிச் சொல்கிறேன்.

ஒன்று முன்னால், ஒன்று பின்னால் என்று மாறி மாறிப் போஸ்ட் போட்டால் துணி அகலத்தில் சுருங்கத்தான் செய்யும். முன் தூண்களும் பின் தூண்களும் ஒன்றன்பின் ஒன்று ஒளிந்துகொள்வதே ரிப். 60க்கு 53 வந்தது கை இறுக்கம் இல்லை. இந்த ரிப் இழுத்தால் விரியும், தலையில் நுழையும், எனவே அவர் அப்படியே தொடரலாம். மற்றவர்கள் இன்னும் தொடங்கவில்லை என்றால் தூண்களை இடைவெளி விட்டுப் போடச் சொல்லுங்கள்: ஒரு போஸ்ட், இரண்டு சாதா ஹாஃப் ட்ரெபிள். தூண் எடுப்பாகத் தெரியும், அகலம் அநேகமாகக் குறையாது, நூலும் மிச்சம்.

போஸ்டை ஹாஃப் ட்ரெபிளாகப் போடாதீர்கள், ட்ரெபிளாகப் போடுங்கள். தூணைச் சுற்றி நுழைப்பதால் உயரத்தில் கொஞ்சம் தொலைகிறது. ட்ரெபிள் போட்டால்தான் பக்கத்து ஹாஃப் ட்ரெபிளுக்குச் சமமாக நிற்கும்; இல்லாவிட்டால் வரிசை அங்கங்கே கீழே இழுக்கும்.

21-ஆம் வரிசையை முழுக்கச் சாதாவாக விட்டுவிடுங்கள். 20-இல் இருப்பது பஃப். அதன் இடுப்பைச் சுற்றிப் போஸ்ட் போட்டால் பஃப் நசுங்கும். 22-இல் தொடங்கலாம். பின்பக்க வரிசைகளில் பேக் போஸ்ட், முன்பக்க வரிசைகளில் ஃப்ரண்ட் போஸ்ட், அப்போதுதான் தூண் எப்போதும் முன்னால் நிற்கும். இதையும் நடு ஸ்டிச்சிலிருந்து மூன்று மூன்றாக எண்ணுங்கள், பஃப் நின்ற அதே நேரில் தூண்கள் ஏறும்.

இப்போது வளையம். 28-ஆம் வரிசை 83இல் முடிந்ததும் 1 செயின் போட்டு, அதே வரிசையின் முதல் ஸ்டிச்சில் ஸ்லிப் ஸ்டிச் (உயரமில்லாத இணைப்பு ஸ்டிச்). அந்தச் செயினையும் ஒரு ஸ்டிச்சாக எடுத்தால் 84. நடுவிலிருந்து எண்ணினால் அது 42-ஆவது இடம், இரண்டு பக்கமிருந்தும் அப்படித்தான். மூன்றால் வகுபடும் என்பதால் பின்கழுத்தில் அதுவே 28-ஆவது தூணாக நிற்கும். முதல் சுற்றில் அந்தச் செயினில் ஒரு சாதா ஹாஃப் ட்ரெபிள், இரண்டாம் சுற்றிலிருந்து அதன்மேல் போஸ்ட்.

ஸ்லிப் ஸ்டிச் போடும் முன் முழு விளிம்பையும் மேசையில் பரப்பி, முறுக்கு இல்லையா என்று பாருங்கள். முறுக்கிக்கொண்டு சேர்ந்தால் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

ஒவ்வொரு சுற்றும் சேர்த்த பிறகு திரும்பிப் பின்னுங்கள். திரும்பாமல் ஒரே திசையில் போனால் சேர்க்கும் கோடு சாய்ந்துகொண்டே போகும், தூண்களும் அதோடு நகரும். கழுத்தில் பஃப் சேர்க்க ஆசைப்பட்டாலும், திரும்பிப் பின்னினால்தான் பின்பக்கச் சுற்று கிடைக்கும்.

டர்பன் வடக்கு:

அளவை மாற்ற விரும்புகிறவர்களுக்கு: எந்த இரட்டைப்படை வரிசையில் நிறுத்தினாலும் வளையம் மூன்றால் வகுபடும். 26 வரிசையில் நிறுத்தினால் 77, வளையம் 78, சுமார் 56 செ.மீ. 30 வரிசை என்றால் 89, வளையம் 90, சுமார் 64 செ.மீ. ஆனால் இதெல்லாம் 10 செ.மீ.க்கு 14 வந்தால்தான். 16 வருகிற இறுக்கமான கைக்கு 84 ஸ்டிச் 52.5 செ.மீ.தான். 20 ஸ்டிச் போட்டு 14 வரிசைக்கு ஒரு மாதிரித் துண்டு பின்னி, நடுவில் அளந்துவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள்.

நம் ஊரில் கிடைக்கும் டபுள் நிட் நூல் இதற்கு மெலிசு. அதையே இரண்டு இழையாகச் சேர்த்தால் ஆரானைவிடக் கனமாகிவிடும், ஹூக் 6.5 மி.மீ.க்குப் போக வேண்டும், மாதிரியும் புதிதாக அளக்க வேண்டும். ஆரான் நூலே வாங்கினால் 150 கிராம் போதும், பஃப் நூலைத் தாராளமாக விழுங்கும் என்பதால் 50 கிராம் கூடுதலாக, ஒரே சாயத் தொகுதி எண் பார்த்து எடுத்து வையுங்கள்.

குறிப்பு அமெரிக்க முறையில் இருந்தால் அவர்கள் சொல்லும் ஹாஃப் டபுள் நம் ஹாஃப் ட்ரெபிள், அவர்களுடைய டபுள் நம் ட்ரெபிள். குழுவில் யாருக்காவது முக்கோணம் மிகவும் குட்டையாக, விறைப்பாக வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

மொகேர்: உலக மொகேரில் சுமார் பாதி நம் தென்னாப்பிரிக்காவிலிருந்துதான் போகிறது. அங்கோரா ஆடு 1838-இல் துருக்கியிலிருந்து வந்தது முதல் கரூ, கிழக்கு கேப் பக்கம் அதுவே பிழைப்பு. ஆசைப்படுவது நியாயம்தான். ஆனால் அதன் பஞ்சு இழைகள் ஸ்டிச்சை மூடிவிடும். பஃப் மங்கலாகத் தெரியும், தூண் தெரியவே தெரியாது. எண்ணுவதும் கஷ்டம், பிரிப்பது அதைவிடக் கஷ்டம், இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். முதல் முறை போடுகிறவர்கள் வழவழப்பான மெரினோ கம்பளியில் போடட்டும். மொகேர் வேண்டுமென்றால் ரிப்பையும் பஃப்பையும் விட்டுவிட்டு, 28 வரிசையும் சாதா ஹாஃப் ட்ரெபிளில். அதுவே அழகு.

டர்பன் குளிருக்குக் கம்பளி தேவையே இல்லை, பருத்திக் கலப்பு போதும். லெனேஷியா, பெனோனி இரவுகளுக்குக் கம்பளிதான்.

லெனேஷியா நூல்கூட்டம்:

மாரிட்ஸ்பர்க் அக்கா சொன்னது அப்படியே இருக்கிறது. மூன்று பேரின் இடது ஓரத்திலும் வளையங்கள் தொங்குகின்றன, பஃப் பகுதியின் குறிப்பில் 3 செயின் என்றும் இருக்கிறது. இரண்டு பேர் பிரிக்கிறார்கள், ஒருவர் கூடுதல் ஸ்டிச் வழியில் போகிறார்.

ஒரு கேள்வி மிச்சம். சாய்ந்த இரண்டு ஓரங்களிலும் டபுள் குரோஷே (ஹாஃப் ட்ரெபிளைவிடக் குட்டையான ஸ்டிச்) விளிம்பு போடும்போது எத்தனை போடுவது? முன்கூட்டியே விளிம்பு போட்டுப் பார்த்தவருக்கு நுனி உள்ளே மடங்குகிறது. கடைசியில் தண்ணீரில் நனைத்து விரிக்கலாமா?

பெனோனி பின்னல்:

நுனி மடங்கினால் விளிம்பில் ஸ்டிச் குறைவு. வரிசைக்கு ஒன்று போட்டிருப்பார். சாய்ந்த ஓரம் ஒரு பக்கம் சுமார் 41 செ.மீ. நீளம், 14 கணக்கில் 57 ஸ்டிச் வேண்டும். 28 வரிசைக்கு இரண்டிரண்டு என்றால் 56, அது போதும். நுனியில் மட்டும் ஒரே இடத்தில் 3. அலை அலையாக வந்தால் அதிகம் போட்டிருக்கிறார் என்று அர்த்தம், அங்கங்கே ஒன்று விடட்டும்.

கம்பளி என்றால் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நுனியையும் சாய்ந்த ஓரங்களையும் மட்டும் குண்டூசியால் இழுத்து நிறுத்துங்கள். பஃப் பகுதியைத் தட்டையாக இழுக்காதீர்கள். ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு பஃப்பையும் பின்னாலிருந்து விரலால் தள்ளிவிட்டால் உப்பி நிற்கும். ரிப்பில் ஊசி குத்த வேண்டாம்.

அக்ரிலிக் என்றால் இஸ்திரிப் பெட்டி துணியைத் தொடவே கூடாது. நீராவியை 3, 4 செ.மீ. தள்ளிப் பிடித்து நுனியில் மட்டும் காட்டலாம். சூடு அதிகமானால் இழை தளர்ந்து பளபளத்துத் தொங்கிப்போகும், பஃப்பும் தூணும் திரும்ப எழாது.

மாரிட்ஸ்பர்க் கொக்கி:

கூடுதல் ஸ்டிச் வழியில் போகிறவருக்கு ஒரு வார்த்தை: 21-ஆம் வரிசையின் முடிவில் எண்ணினால் 60 வர வேண்டும். 23-இல் 67, 25-இல் 74, 27-இல் 81. 27-இல் 81 வந்துவிட்டால் மற்றவர்களோடு சேர்ந்துவிட்டார். நடு மார்க்கரை மட்டும் பக்கவாட்டில் நகர்த்த வேண்டாம், நேர் மேலேயே ஏற்றுங்கள். பஃப் அதன் நேரில்தான் நிற்கிறது, தூண்களும் அங்கிருந்தே எண்ணப்பட வேண்டும்.