உபி காரிதாஸ் பாடினவங்க யாராவது இருக்கீங்களா? ஹெல்ப் ப்ளீஸ்

பெரிய வியாழன் பாதம் கழுவுற நேரத்துக்கு எங்க கொயர்ல உபி காரிதாஸ் பாடப் போறோம், "அன்பு எங்கேயோ அங்கே கடவுள் இருக்கார்"னு வர்ற லத்தீன் பாட்டு. 1960ல வந்த, பிரெஞ்சு இசையமைப்பாளர் த்யூரூஃப்ளேவோட செட்டிங்தான் (அந்த வரிகளுக்கு அவர் போட்ட இசை) எனக்கு உயிரு, தொடக்கத்துல சொப்ரானோவே (உயர்ந்த பெண் குரல்) இல்லாம ஆல்ட்டோ (தாழ்ந்த பெண் குரல்) அந்தப் பழைய கிரிகோரியன் சர்ச் மெலடிய தாழ்வா எடுக்குறப்போ உடம்பு சிலிர்த்துடும்ங்க. ஆனா டைம் சிக்னேச்சர் (தாளக் கணக்கு) மாறிட்டே இருக்கு, ரெண்டா எண்ணி முடிக்கிறதுக்குள்ள மூணு வந்துடுது, எங்க டெனர் (உயர்ந்த ஆண் குரல்) மூணு பேரும் அங்கயே தடுமாறுறாங்க. எண்ணாம வார்த்தைய வச்சே பாடப் பழகுறது எப்படி? இல்ல பிரான்ஸ்ல இருக்குற தெசே ஜெப சமூகத்தோட சின்ன செட்டிங்குக்கே போயிடலாமா? இன்னொன்னு, "உபி காரிதாஸ்"க்கு அடுத்து எங்க பூசை புக்ல "எஸ்ட் வேரா"ன்னு (உண்மையா இருக்குதோ) இருக்கு, த்யூரூஃப்ளேல "எத் அமோர்" (நேசமும்), த்யூரூஃப்ளேல இருக்கிறபடியே பாடலாம்ல? பாடினவங்க சொல்லுங்க ப்ளீஸ்.